பறவை பார்ப்பவர்கள் வருடா வருடம் அதே கேள்விகளையே பேசுகிறார்களே, இதனால் என்ன பயன்?

நீங்கள் கேட்டிருப்பது இது: பறவை பார்க்கும் குழு ஒன்றில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. மார்ச் வந்தால் சிட்டுக்குருவி, கோடை வந்தால் கீழே விழுந்த குஞ்சு, நடுநடுவே பெண் குயில் என்று அதே பேச்சுதான் ஓடுகிறது. தெரிந்தவர்கள் ஒரு தடவை நல்ல பதிலாக எழுதி வைத்துவிட்டால் போதாதா?

போதாது என்பது என் பதில். நான் கோவையில் பல வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குளக்கரைக்குப் போகிறவன். நடந்து முடித்து டீக்கடையில் உட்கார்ந்ததும் எங்கள் குழுவிலும் இதே பேச்சுகள்தான். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் சிட்டுக்குருவி. மார்ச் 20 உலக சிட்டுக்குருவி தினம், 2010-லிருந்து கொண்டாடப்படுகிறது. 2012-இல் டெல்லி அதைத் தன் மாநிலப் பறவையாகவே அறிவித்தது. அந்தக் காலகட்டத்தில் "செல்போன் டவரால்தான் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது, இல்லையா?" என்று யாராவது கேட்டால், சுற்றி இருப்பவர்களில் பாதிப் பேர் ஆமாம் என்பார்கள். அன்றைக்கு யாராவது அந்தப் பதிலை எழுதிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தால், இன்றைக்கும் நாம் அதையே படித்துக் கொண்டிருப்போம். நல்லவேளை, கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. 2020-இல் 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை வெளியானது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் இருபத்தைந்து ஆண்டுகளில் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது, சென்னை, பெங்களூரு போன்ற ஆறு பெருநகரங்களில்தான் படிப்படியாகக் குறைந்து வருகிறது என்று அது சொன்னது. டவர்தான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. அதே கேள்விக்கு இப்போது நாங்கள் சொல்லும் பதில் வேறு.

பதில் மாறியது மட்டுமல்ல, ஒவ்வொரு தடவையும் அதில் ஏதாவது சேர்ந்தது. ஓட்டு வீட்டில் வளர்ந்த ஒரு பெரியவர், சுவரில் சாய்வாக மாட்டிய சாமி படத்துக்குப் பின்னால் குருவி கூடு கட்டுவதையும், தரையெல்லாம் வைக்கோல் சிதறுவதையும் சொன்னார். கான்கிரீட் வீட்டில் அந்த மாதிரி இடுக்கு ஏது? பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர், "எங்க ஊர்ல எங்கீங்க குறைஞ்சுது? மண்டிக்கு வந்து பாருங்க" என்றார். இன்னொருவர், பெரிய குருவி தானியம் தின்றாலும் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் கொண்டுவந்து ஊட்டும், தோட்டம் முழுக்க மருந்தடித்துவிட்டு முற்றத்தில் கம்பு மட்டும் தூவினால் குஞ்சு எப்படிப் பிழைக்கும் என்று கேட்டார். மூன்றும் ஒரே நாளில் வந்தவை இல்லை. வெவ்வேறு மார்ச்சில், அதே கேள்வியைப் புதிதாக ஒருவர் கேட்டதால் வந்தவை.

அந்த அறிக்கை எப்படி உருவானது என்பதையும் யோசித்துப் பாருங்கள். 15,500-க்கு மேற்பட்ட பறவை ஆர்வலர்கள், பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றிய ஒரு கோடிக்கும் அதிகமான பதிவுகள் அதற்கு அடிப்படை. 2023-இல் அடுத்த அறிக்கை வந்தபோது ஆர்வலர்கள் சுமார் 30,000, பதிவுகள் சுமார் 3 கோடி, ஆராய்ந்த இனங்கள் 942. இதில் பெரும்பகுதி நம்மைப் போன்றவர்கள் அதே குளத்துக்கு அதே பாதையில் போய், இன்றைக்கு எத்தனை நாமக்கோழி, எத்தனை முக்குளிப்பான் என்று எண்ணி எழுதியது. அமெரிக்காவில் 1900-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, வேட்டைக்குப் போவதற்குப் பதிலாகப் பறவைகளை எண்ணுவோம் என்று பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் அழைத்தபோது சேர்ந்தவர்கள் 27 பேர். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது. நம் ஊரில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் எண்ணுகிறோம். போன வருடம்தான் எண்ணிவிட்டோமே என்று இவர்களில் யாராவது நிறுத்தியிருந்தால், ஒரு பறவை பெருகியதா குறைந்ததா என்று சொல்ல இன்றைக்கு நம்மிடம் எதுவுமே இருக்காது. நம் பொழுதுபோக்கே அதே கேள்வியைத் திரும்பக் கேட்பதுதான்.

அடுத்து பெண் குயில். இதைத்தான் நீங்கள் கொஞ்சம் அலுப்போடு எழுதியிருந்தீர்கள். ஆண் குயில் கன்னங்கரேல் என்றிருக்கும், அது எல்லோருக்கும் தெரியும். பெண் குயில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் வரியுமாக இருக்கும். அதனால் புதிதாக வருபவர் அதைப் படம் பிடித்து, பருந்தா, வல்லூறா என்று கேட்பார். எங்கள் குழுவில் வங்கியில் ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். பறவையின் பெயரை அவர் சட்டென்று சொல்லிவிட மாட்டார். புதிதாக வந்த ஒரு பெண் படத்தைக் காட்டியபோது ஒரு நாள் நடந்த பேச்சு இது.

"கண் என்ன நிறம்னு பாரும்மா."

"செவப்புங்கண்ணா."

"எந்த மரத்துல இருந்தது?"

"அரசமரத்துலங்க. பழம் தின்னுட்டு இருந்துச்சு."

"பருந்து பழம் தின்னுமா?"

அந்தப் பெண் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். "அலகும் அப்படி வளைஞ்சு இல்லைங்களே" என்று தானாகவே சொன்னார். "பக்கத்துல கறுப்பா ஏதாச்சும் இருந்துச்சா?" என்று இவர் கேட்டதும், "ஐயோ, குயிலுங்களா!" என்றார்.

படத்தைக் கொடுத்தால் செயலி ஒரு நொடியில் பெயர் சொல்லிவிடும். நானும் பயன்படுத்துகிறேன், நல்ல உதவிதான். ஆனால் கண், அலகு, தீனி, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று பார்க்கும் வரிசை அந்த இரண்டு நிமிடப் பேச்சில்தான் கைக்கு வருகிறது. அந்த வரிசை வந்துவிட்டால் அக்காக்குயிலையும் வல்லூறையும் பிரித்துப் பார்ப்பது பாதி சுலபம். இனப்பெருக்கக் காலத்தில் முதுகு கருஞ்சிவப்பாக மாறிய குருட்டுக்கொக்கைப் பார்த்து, ஏதோ புதுப் பறவை வந்திருக்கிறது என்று குழம்பவும் வேண்டியதில்லை. அப்புறம், எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. இந்த எளிய கேள்விகள்தான் ஆறு மாதப் பழக்கம் உள்ளவர்கள் பதில் சொல்லிப் பழகும் இடம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் கதிர்குருவிகளில் எது எது என்ற விவாதத்தில் அவர்களால் வாய் திறக்க முடியாது. பெண் குயிலில் முடியும்.

கீழே விழுந்த குஞ்சு விஷயத்தில் உங்கள் யோசனை எனக்குக் கவலையாகவே இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் இதைக் கேட்பவர் கையில் ஓர் உயிர் இருக்கிறது. பழைய பதிலைத் தேடிப் படியுங்கள் என்று அவரிடம் சொல்ல முடியாது. தவிர, கேள்வி ஒன்றுதான் என்றாலும் பதில் ஒன்று இல்லை. இறகு முளைக்காத, கண் திறக்காத குஞ்சு என்றால் கூட்டைத் தேடித் திரும்ப வைக்க வேண்டும். மனிதர் தொட்ட வாடைக்குத் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. இறகு முளைத்து, குட்டை வாலோடு தத்தித் தத்திப் போகிறது என்றால் அது பறக்கப் பழகுகிறது. பூனை, நாய் எட்டாத ஒரு புதரில் வைத்துவிட்டு நாம் தள்ளி நிற்க வேண்டும், தாய் வந்து ஊட்டும். உழவாரன் (ஆங்கிலத்தில் swift) என்ற பறவை என்றால் கதையே வேறு. சிறகு நீளம், கால் மிகக் குட்டை. நன்றாக வளர்ந்த பறவையே தரையில் விழுந்துவிட்டால் எழும்பத் திணறும். அடிபடவில்லை என்றால் உள்ளங்கையில் ஏந்தி உயர்த்திப் பிடித்தாலே பறந்துவிடும். எந்தக் குஞ்சானாலும் வாயில் பால் ஊற்றாதீர்கள், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இத்தனையையும் நாலு வரி அறிவிப்பாக ஒட்டி வைக்கலாம். ஆனால் பதறுகிற ஒருவரிடம் "இறகு இருக்கா? கண் திறந்திருக்கா?" என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும்.

கிளிக்குஞ்சு என்றால் உடனே இன்னொரு கேள்வியும் வரும், வீட்டில் வளர்க்கலாமா என்று. கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். இதிலும் பழைய பதில் கை கொடுக்காது. 2022 திருத்தத்தில் சட்டத்தின் அட்டவணைகளே மாற்றி அமைக்கப்பட்டு, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் எழுதியவற்றில் இருக்கும் அட்டவணை எண் இன்றைக்குப் பொருந்தாது.

இனி, முடிவே இல்லாமல் திரும்ப வரும் சண்டைகள். கூட்டைப் படம் எடுக்கலாமா? பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைக்கலாமா? ஆந்தை இருக்கும் மரத்தை எல்லோருக்கும் சொல்லலாமா? இவற்றைப் பேசும்போது குரல் உயரும், சிலர் கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் வர மாட்டார்கள். ஒரு விதியாக எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது என்று தோன்றும். எங்களிடம் விதி இருக்கிறது. ஆனாலும் வருடா வருடம் புது கேமராவோடு புது ஆட்கள் வருகிறார்கள். சின்னான் (புல்புல்) கூடு ஒன்று செம்பருத்திச் செடியில் இருந்தது. தெளிவாகப் படம் எடுப்பதற்காக ஒருவர் குறுக்கே இருந்த கிளையை நூலால் இழுத்துக் கட்டினார். வெட்டவில்லை, கட்டித்தானே வைத்தேன் என்றார். அவருக்கு விதி தெரியும், காரணம் தெரியாது. அந்தக் கிளைதான் மதிய வெயிலை மறைத்தது, காகத்தின் கண்ணிலிருந்தும் மறைத்தது. அன்று டீக்கடையில் ஒரு மணி நேரம் பேசினோம். குரல் ஒலிக்கவிட்டால் தன் இடத்துக்கு வேறொரு ஆண் வந்துவிட்டது என்று பறவை நினைத்து, தீனி தேடுவதை விட்டுவிட்டு விரட்ட அலையும் என்பதும் அதே பேச்சில் வந்தது. பழைய ஆட்களுக்கு இவையெல்லாம் கேட்டுச் சலித்தவை. ஆனால் கூட்டுப் பக்கம் போகாதே என்ற வழக்கம் ஒரு குழுவில் உயிரோடு இருப்பது இந்த மாதிரி ஒரு மணி நேரங்களால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லாப் பேச்சும் அப்படி இல்லை என்பதும் சரி. எந்தக் கம்பெனி கேமரா உசத்தி என்ற வாதத்தால் யாருக்கும் எதுவும் விளைந்து நான் பார்த்ததில்லை. ஊரும் தேதியும் சொல்லாமல் மங்கலான ஒரு படத்தை நீட்டி, இது என்ன என்று கேட்பதையும் ஊக்குவிக்க வேண்டியதில்லை. முதலில் இடத்தைக் கேளுங்கள், மாதத்தைக் கேளுங்கள். எந்த பைனாகுலர் வாங்கலாம் என்ற கேள்வி அப்படி இல்லை. பெரும்பாலானவர்களுக்கு 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன் லென்ஸ்) போதும் என்று ஒரு வரியில் முடிக்கலாம்தான், ஆனால் கேட்பவர் கண்ணாடி போட்டவரா, கை நடுங்குமா, பத்து வயதுக் குழந்தைக்கா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

தொகுத்து எழுதி வைப்பதற்கு நான் எதிரி இல்லை. குஞ்சு விஷயத்தை ஒரு பக்கத்துக்கு எழுதி எல்லோர் போனிலும் வைத்திருக்கிறோம், தேவைப்பட்டால் திருத்துகிறோம். அதைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல், கூடவே இரண்டு கேள்வி கேட்கிறோம், அவ்வளவுதான். உங்களுக்கு அலுப்பாக இருக்கும் நாளில் பதில் சொல்லாதீர்கள், பேசாமல் டீயைக் குடியுங்கள். உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர் யாராவது பதில் சொல்லத் தொடங்குவார். அவர் தவறாகச் சொன்னால் மட்டும் வாய் திறவுங்கள்.