கெட்ட சேதி மேல போகுதா? ஓய்வு பெற்ற தாசில்தாரோட கேள்வி பதில்

வருவாய்த்துறையில 34 வருஷம் இருந்து தாசில்தாரா ஓய்வு வாங்குனேன், இப்ப திருத்துறைப்பூண்டி பக்கம் வயல் பாக்குறேன். அரசாங்கம் ஏன் தோக்குது, தலைமை எப்படி இருக்கணும்னு கேளுங்க. கட்சி பேச்சு மட்டும் வேணாம்.

மன்னார்குடி: ஐயா, ஆளு, பணம், படிச்ச அதிகாரி எல்லாம் இருந்தும் ஏன் தோக்குது?

கெட்ட சேதி மேல போகாததுதான் முதல் காரணம் தம்பி. நெல் கொள்முதலையே எடுத்துக்கங்க. ஈரப்பதம் 17 சதவீதம்தான் வரம்பு. குறுவை அறுப்பும் மழையும் ஒண்ணா வரும்னு டெல்டாவுல சின்னப்புள்ளைக்கும் தெரியும், ஆனா தளர்வு வேணும்னா மாநிலம் மத்திய அரசுக்கு எழுதணும், அங்கேர்ந்து குழு வந்து சாம்பிள் எடுத்துட்டு போகணும், அப்புறம்தான் உத்தரவு. அதுக்குள்ள என்ன ஆகும்? தார்ப்பாய் போட்டு மூடுன குவியலுக்குள்ள கைய விட்டு பாத்திருக்கேன், உள்ள அனலா இருக்கும், அடிநெல்லு வெள்ளையா முளை விட்டு ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு பாய் மாதிரி பேந்து கையோட வரும். நிலையத்துல இருக்க பட்டியல் எழுத்தர் இத தினம் கண்ணால பாக்குறாரு, ஆனா ஒரு மூட்டைய கூட வரம்பு தாண்டி வாங்க அவருக்கு அதிகாரம் இல்ல. அதிகாரம் இருக்கவரு அந்த குவியல பாத்ததே இல்ல.

ஒரத்தநாடு: சர்வாதிகாரி மாதிரி ஒருத்தர் வந்தா எல்லாம் சரியாயிடும்ல சார்?

ஆகாது. இலங்கைய பாருங்க, ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச கையில நாடாளுமன்றத்துல மூணுல ரெண்டு பங்கு இருந்துச்சு. 2021ல ரசாயன உர இறக்குமதிய ஒரே உத்தரவுல தடை பண்ணாங்க, வேளாண் விஞ்ஞானிங்க வேணாம்னு சொல்லியும் கேக்கல, நெல் விளைச்சல் சரிஞ்சுது, நவம்பர்ல வாபஸ் வாங்க வேண்டியதாச்சு. வரிக்குறைப்பு, கடன், கொரோனாவுல சுற்றுலா நின்னதுன்னு எல்லாம் சேந்து 2022 ஜூலைல அவரு நாட்ட விட்டே போனாரு.

பட்டுக்கோட்டை: பட்டா மாறுதலுக்கு 4 மாசமா அலையுறேன் ஐயா.

இ-சேவை மையத்துல போட்ட மனு நம்பர வச்சுக்கிட்டு தாலுகா ஆபீஸ்ல கேளுங்க. வாய்வார்த்தை வேணாம், தேதி போட்டு எழுத்துல குடுங்க, ஒப்புகை வாங்குங்க.

கும்பகோணம்: சோழர் காலத்துல குடவோலை இருந்துச்சே, அப்ப ஆட்சி நல்லாத்தானே நடந்துச்சு?

எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் இது. உத்திரமேரூர் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம், 919லயும் 921லயும் வெட்டுனது. 30 குடும்பு, அதாவது வார்டு, வயசு 35லேர்ந்து 70, போன மூணு வருஷத்துல வாரியத்துல, அதாவது ஊர் வேலை பாக்குற குழுவுல, இருந்தவருக்கு மறுபடி இடம் கிடையாது. பதவியில இருந்துட்டு கணக்கு காட்டாதவரும் நிக்க முடியாது, அவரோட சொந்தக்காரங்களும் நிக்க முடியாது. ஏரிக்குன்னே தனி வாரியம். இதுல கணக்கு காட்டுற விதி ஒண்ண மட்டும் இன்னிக்கு ஒழுங்கா வச்சாலே

கீழ்வேளூர்: குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும் ஐயா. அந்த குடத்துல எங்க பூட்டன் பேர் எழுதுன ஓலைய போட விட்டிருப்பாங்களா?

விட்டிருக்க மாட்டாங்க. வரி கட்டுற சொந்த நிலம் வேணும், வேதம் படிச்சிருக்கணும், அது சதுர்வேதிமங்கலம், பிராமணங்களுக்கு குடுத்த ஊரு. நான் இத முதல்லயே சொல்லியிருக்கணும்.

கும்பகோணம்: அந்த காலத்த இன்னிக்கு அளவுகோல் வச்சு அளக்கலாமா?

கீழ்வேளூர்: சரி, இந்த காலத்துக்கே வாங்க. எங்க ஊர் பக்கம்தான் வெண்மணி. 1968 டிசம்பர் 25, கூலி உயர்வு கேட்ட குடும்பங்கள்ல 44 பேர குடிசைக்குள்ள வச்சு எரிச்சாங்க. அப்ப ஓட்டும் இருந்துச்சு, சட்டமும் இருந்துச்சு.

தம்பி சொல்றது நியாயம். அந்த வழக்குலயும் நில உடமைக்காரங்கள ஹைகோர்ட் விடுதலை பண்ணிடுச்சு. கணக்கு கேக்குற விதி எவ்வளவு நல்லா இருந்தாலும், கேக்குற சபையில யாரு உக்காந்திருக்காங்கன்னு பாக்கணும், வயல்ல எறங்குறவன் அங்க இல்லன்னா அவன் சேதி எந்த நோட்டுலயும் ஏறாது. கும்பகோணம் அண்ணே, உத்திரமேரூர நான் விட்டுக்குடுக்கல, ஆனா பொற்காலம்னு சொல்ல மாட்டேன்.

மயிலாடுதுறை: கண்டிப்பான ஒரே தலைவர் வந்தா...

மேல ஒரத்தநாட்டுக்கு சொன்னத படிங்க.

நாகை: எந்த கட்சிக்கு போடலாம்?

ஆரம்பத்துலயே சொல்லிட்டேன்.

முசிறி: முக்கொம்பு மதகு போனதும் தலைமை தப்புதானா?

1836ல கட்டுன கொள்ளிடம் மேலணை, 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி 9 மதகு அடிச்சிட்டு போச்சு. புதுசா கட்டுனா திறப்பு விழா உண்டு, ஷட்டருக்கு கிரீஸ் வச்சவனுக்கும் தூண் அடியில மண்ணரிப்பு பாத்தவனுக்கும் கல்வெட்டு கிடையாது. அந்த ஆள கூப்பிட்டு பேசுறவருதான் தலைவர்.

திருவாரூர்: நல்ல தலைவர எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது ஐயா?

கெட்ட கணக்கு கொண்டு வர்றவன்கிட்ட அவரு எப்படி நடந்துக்குறாருன்னு பாருங்கம்மா. ஒரு வருஷம் வெள்ளத்துக்கப்புறம் பயிர்ச்சேதம் எடுத்தோம், 33 சதவீதத்துக்கு மேல போனாதான் நிவாரணம். நான் எடுத்தது நெறைய வந்துச்சு. மேலதிகாரி ஒருத்தர் பேப்பர தள்ளி வச்சுட்டு “இவ்வளவு எழுதாதீங்க, கொறைங்க”ன்னாரு. கொறைச்சு எழுதுனேன். எந்தெந்த சர்வே நம்பர விட்டேன்னு இன்னிக்கும் ஞாபகம் இருக்கு, அதுல ஒரு வயலுக்காரரு எதுக்க வந்தா எனக்கு முகத்த நிமுத்த முடியாது.

வேதாரண்யம்: கிராமசபையில பேசுனா யார் கேக்குறா?

2016 அக்டோபர்லேர்ந்து 2019 கடைசி வரைக்கும் ஊராட்சிக்கு தேர்தலே நடக்கல, அந்த மூணு வருஷம் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். அதனால போங்க. பேசுனத தீர்மான நோட்டுல எழுத வைங்க, எழுதுனத சத்தமா படிக்க சொல்லுங்க, அப்புறம் கையெழுத்து போடுங்க. வெறும் பக்கத்துல கையெழுத்து கேட்டா யாரு கேட்டாலும் போடாதீங்க.