மூட்டில் தெளித்த டைட்டானியம் பூச்சு உரிந்துவிடுமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. இடுப்பு மூட்டு மாற்ற வேண்டும். சிமென்ட் இல்லாமல் பொருத்தும் மூட்டு, அதன்மேல் டைட்டானியமும் எலும்புத் தாதுவும் தெளித்திருக்கும் என்றார் டாக்டர். தெளித்த பூச்சு நாளடைவில் உரிந்து உடம்புக்குள் போய்விடாதா? கூடுதலாகக் கொடுத்தால் தங்க நிற டைட்டானியம் பூச்சு வாங்கித் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: முதலில் அந்தத் தங்க நிறம். வேண்டாம். அது டைட்டானியம் நைட்ரைடு. தெளிக்கும் பூச்சே அல்ல. ஆவியாகப் படியவைப்பது, கனம் சில மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). உரசும் பரப்புக்காக வந்தது. எலும்பு வந்து பிடித்துக்கொள்ள அதனால் ஒரு உதவியும் இல்லை. எலும்பு பிடிக்கும் பூச்சு மங்கின சாம்பல் நிறத்தில், உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். பார்க்க அழகாக இருக்காது. பளபளப்பைக் காட்டிப் பணம் கேட்கிற ஆளிடம் மூட்டு வாங்கவே வாங்காதீர்கள். எந்த மூட்டு என்று முடிவு செய்வது அறுவை செய்யும் டாக்டரின் வேலை. நடுவில் வருகிறவருக்குக் கமிஷன்தான் கணக்கு.

சரி, உரியுமா? முறையாகச் செய்த பூச்சு அவ்வளவு எளிதில் உரியாது. டைட்டானியம் 1,668 டிகிரி செல்சியஸில் உருகும். தெளிக்கப் பயன்படும் பிளாஸ்மா சுடரின் (மின்சாரத்தால் கொதிக்கவைத்த வாயுவின்) நடுவே 10,000 டிகிரிக்கு மேல் இருக்கும். அதற்குள் தூளைச் செலுத்தினால் துளித்துளியாக உருகிப் பாய்ந்து, ஏற்கெனவே சொரசொரப்பாக்கிய தண்டில் (மூட்டில் தொடை எலும்புக்குள் இறங்கும் பாகம்) அறைந்து வில்லை வில்லையாகப் படியும். அந்த மேடுபள்ளத்தில் கொக்கி போட்டதுபோல மாட்டிக்கொள்வதுதான் அதன் பிடிமானம். திறந்த காற்றில் தெளித்தால் டைட்டானியம் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் இழுத்துக்கொண்டு நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். அதனால்தான் வெற்றிட அறையிலோ, எதோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுவிலோ தெளிக்கிறார்கள்.

சோதனை எப்படித் தெரியுமா? பூச்சிட்ட வட்டத் துண்டை இன்னொரு துண்டோடு பசையால் ஒட்டி, இயந்திரத்தில் மாட்டி இரண்டு பக்கமும் இழுப்பார்கள். உலோகப் பூச்சு 22 மெகாபாஸ்கல் தாங்க வேண்டும் என்பது அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ.யின் எதிர்பார்ப்பு. ஒரு சதுர சென்டிமீட்டரில் 220 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம். எங்கே பிய்ந்தது என்று பார்ப்பதும் முக்கியம். பசை விட்டுப் பூச்சு அப்படியே நின்றால் எனக்கு நிம்மதி.

மேலே இருக்கும் எலும்புத் தாதுவின் பெயர் ஹைட்ராக்சிஅபடைட். அது மெல்ல மெல்லக் கரையும். பயப்படாதீர்கள், அதன் வேலையே அதுதான். அது கரையும் இடத்தில் எலும்பு வளர்ந்து, கீழே உள்ள டைட்டானியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். எலும்பு மிகவும் மெலிந்தவர்களுக்கு டாக்டர் சிமென்ட் வைத்துப் பொருத்த நினைக்கலாம். அப்போது பூச்சில்லாத, வழவழப்பான தண்டு வரும். “பூச்சே இல்லையே, பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறார்களோ” என்று சண்டைக்குப் போகாதீர்கள். அங்கே பிடித்துக்கொள்வது சிமென்ட். வழவழப்பாக மெருகேற்றிய தண்டு அந்த சிமென்டுக்குள் இம்மியளவு இறங்கி ஆப்புபோல இறுகிக்கொள்ளும், அதற்காகவேதான் மெருகு. அந்தத் தண்டுக்குப் பூச்சு கேட்பது தப்பு. அதேபோல, பூச்சிட்ட தண்டை வாங்கிக் கொடுத்து சிமென்ட் வையுங்கள் என்று சொல்வதும் தப்பு.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறு விஷயம். தொழிற்சாலை பம்ப்பின் ஷாஃப்டுக்குப் பூச்சு போட்டால்கூட கனம், பிடிமானம் எல்லாம் எழுதிய சான்றிதழோடு வருகிறது. உடம்புக்குள் ஆயுசுக்கும் இருக்கப்போகிற பொருளுக்கு நோயாளி கையில் பல நேரம் மிஞ்சுவது பில்லில் ஒரு வரி! மூட்டு வந்த பெட்டியில் மாடல் பெயரும் லாட் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். பெட்டி குப்பைக்குப் போவதற்குள் கேளுங்கள். தண்டுக்கு ஒன்று, இடுப்பெலும்பில் பதிக்கும் கிண்ணத்துக்கு ஒன்று, அதற்குள் சுழலும் பந்துக்கு ஒன்று. மூன்றையும் வாங்கி அம்மாவின் ஃபைலில் ஒட்டி, ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.