போதைப்பொருள் கிடைக்காமல் தவிக்கும் காட்சியை நம்பும்படி எடுப்பது எப்படி?

தெருவில் வாழும் ஹெராயின் அடிமையைப் பற்றிய பல படங்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. சரக்கு கிடைக்காதவர் உடனே அலறிப் புரள்கிறார். நிஜத்தில் அது மெல்ல ஏறும். கடைசி ஊசி போட்டு 8 முதல் 12 மணி நேரத்தில் கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணில் நீர். அப்புறம் வியர்வை, வயிற்றுப்போக்கு, ஓயாமல் உதறும் கால்கள். 2, 3ஆம் நாளில் உச்சம். ஒரு வாரத்தில் பெரும்பாலும் தணியும். சட்டைக்கையால் திரும்பத் திரும்ப மூக்கைத் துடைப்பது, முன்கையில் சிலிர்த்து நிற்கும் முடி: இந்த இரண்டு குளோசப் போதும், அலறலே வேண்டாம்.

கண்பாவை போதையில் ஊசிமுனையாகச் சுருங்கும், கிடைக்காதபோது விரியும். நடிப்பால் இது வராது. முகத்தில் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒளிப்பதிவாளர்தான் கொண்டுவர வேண்டும்.

குடிநோயாளி என்றால் கணக்கே வேறு. நெடுநாள் குடித்தவர் சட்டென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, 2, 3 நாளில் மனக்குழப்பம் வரலாம், உயிரே போகலாம். அறையில் பூட்டிவைத்துத் திருத்துவதாகத் தயவுசெய்து காட்டாதீர்கள், யாராவது வீட்டில் செய்துபார்த்துவிடுவார்கள்.

திரைக்கதையில் மிக ஆபத்தான நாள், ஹெராயினை விட்டவர் மறுவாழ்வு மையத்திலிருந்து வெளியே வரும் நாள். உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும். பழைய அளவையே ஏற்றினால் மூச்சு அடங்கிவிடும்.