மரத்தூள் கலந்த பிறகு மிளகாய்க் கன்று ஏன் மஞ்சளாகிறது?

வெள்ளவத்தை மொட்டைமாடியில் வளர்க்கும் மிளகாய்ச் சாடிகளில் மரக்காலை மரத்தூளைக் கலந்தீர்கள், சில கிழமையில் கன்றுகள் மஞ்சளாகிவிட்டன, "சேதனப் பொருள் மண்ணுக்கு நல்லதுதானே?" என்று கேட்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் பந்தியில் முதலில் உட்காருவது பற்றீரியாவும் பங்கசும், கன்றுக்கு மிச்சம்தான்.

அவற்றின் உடம்பில் எட்டுப் பங்கு காபனுக்கு ஒரு பங்கு நைதரசன் இருக்கும். தின்னும் காபனில் பெரும்பகுதி மூச்சாக வெளியேறிவிடுவதால், உணவில் ஏறக்குறைய 25 பங்கு காபனுக்கு ஒரு பங்கு நைதரசன் வேண்டும். மரத்தூளில் ஒரு பங்கு நைதரசனுக்குக் காபன் பல நூறு பங்கு. பற்றாததை மண்ணிலிருந்துதான் உறிஞ்சும். நீங்கள் போடும் பசளையும் அங்கேதான் போகிறது.

அடி இலைகளைப் பாருங்கள். நைதரசன் குறைந்தால் கன்று பழைய இலையிலிருந்து அதை எடுத்துக் குருத்துக்கு அனுப்பும், அதனால் மஞ்சள் கீழேயிருந்து ஏறும். குருத்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது பெரும்பாலும் இரும்புக் குறைபாடு, வேறு கதை.

அந்த நைதரசன் தொலைந்து போகவில்லை. காபன் தீரத் தீர நுண்ணங்கிகள் சாகும். பற்றீரியாவைத் தின்னும் புரோட்டோசோவா என்ற ஒருகல உயிரிகளும் வட்டப்புழுக்களும் மிச்ச நைதரசனை அமோனியமாகக் கழிக்கும். வேறு பற்றீரியாக்கள் அதைக் கன்று உறிஞ்சக்கூடிய நைத்திரேற்றாக்கும். எனக்கு மண்ணில் பிடித்த இடமே இதுதான், ஒன்றின் கழிவில் அடுத்தது வாழ்கிறது. கொழும்பு வெக்கையில் எல்லாம் வேகமாக நடக்கும், ஆனாலும் மரத்தூளுக்கு மாதக்கணக்கு எடுக்கும். கன்று அவ்வளவு நாள் தாங்காது.

ஆகவே மேல் மண்ணிலுள்ள தூளை அள்ளி மேலே மூடாக்காக மட்டும் பரப்புங்கள். உள்ளே கலந்தால்தான் வேரோடு போட்டி. கிளிரிசிடியா இலை கிடைத்தால் பச்சையாக நறுக்கி மண்ணோடு சேருங்கள், அதில் நைதரசன் அதிகம், சீக்கிரம் உக்கும். அவசரத்துக்குக் கொஞ்சம் யூரியாவைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து ஊற்றுவதில் குற்றமில்லை, சேதனப் பயிர்ச்செய்கை என்று பிடிவாதமாக இருந்து கன்றைச் சாகவிட வேண்டாம்.

தும்புத்தூள் என்றால் இவ்வளவு பயமில்லை, லிக்னின் என்ற எளிதில் உக்காத நார்ப்பொருள் கூடியதால் மெதுவாகவே உக்கும். உப்புப் போகக் கழுவிவிட்டுப் பாவியுங்கள். மழைக்காலத்தில் சாடியின் அடித்துளை அடைபடாமல் பாருங்கள், தண்ணீர் தேங்கினால் வேறு பற்றீரியாக்கள் நைத்திரேற்றை வாயுவாக்கி வெளியே விட்டுவிடும்.