ஒரு திருச்சபை ஆரோக்கியமா வளருதுன்னு எதை வச்சு சொல்றது?

இந்தக் கேள்விய பாத்துட்டு சும்மா போக மனசு வரல. நீங்க புதுசா ஒரு ஊருக்கு மாறி வந்து எந்த சபையில சேரலாம்னு வாரா வாரம் ஒவ்வொரு கோயிலா போய்ப் பாத்துட்டு இருக்கீங்கன்னு நினைக்கிறேன். கூட்டம், கட்டடம், எத்தனை ஆராதனை நடக்குது, இத மட்டும் வச்சு தயவுசெஞ்சு முடிவு பண்ணாதீங்க. ஒரு குடும்பம் கஷ்டத்துல விழுந்தா அது சபைக்குத் தெரிய வருதா, தெரிஞ்சா என்ன செய்யறாங்க, காணிக்கைப் பணம் எங்க போகுதுன்னு கடைசி பாயில உக்காந்திருக்கிற பாட்டிக்கும் தெரியுமா. நான் பாக்குறது இதத்தான்.

இது என் சொந்த யோசனைன்னு யாராச்சும் சண்டைக்கு வரலாம், அதனால பைபிள்ல அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்த ஒரு தடவை படிச்சுப் பாருங்க. எருசலேம் சபையில ஆட்கள் பெருகிட்டு வர்ற நேரத்துல முறுமுறுப்பு கிளம்புது, கிரேக்க பாஷை பேசுற எங்க விதவைங்கள தினசரி பந்தியில கவனிக்காம விட்டுட்டீங்கன்னு. அப்போஸ்தலர்கள் குறை சொன்னவங்க வாய அடைக்கல, சபை முழுசையும் கூப்பிட்டு நல்ல சாட்சி பெற்ற ஏழு பேரை நீங்களே தெரிஞ்செடுங்கன்னு சொல்லிட்டாங்க. அந்த ஏழு பேரும் கிரேக்கப் பேரு உள்ளவங்க, அதாவது குறைபட்ட பக்கத்து ஆளுங்க கையிலயே பொறுப்பு போயிருக்கும்னுதான் நான் புரிஞ்சுக்கிறேன். அதுக்கப்புறம்தான் 7ஆம் வசனத்துல சீஷர்கள் தொகை ரொம்பப் பெருகிச்சுன்னு வருது. எல்லாரும் பெருகின கணக்க மட்டும் பிரசங்கம் பண்றாங்க, அதுக்கு முன்னாடி இருக்கிற பந்தி விஷயத்த விட்டுடுறாங்க.

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்னா, நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துல ஒரு கிராமம், சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) சபை, ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கோயில். அப்பா தையல் கடை வச்சிருந்தாங்க, நான் ஒன்பதாவது படிக்கும்போது திடீர்னு தவறிட்டாங்க. எங்க சபையில கைப்பிடி அரிசின்னு ஒரு பழக்கம் உண்டு. உலை வைக்கிறதுக்கு அரிசி அளக்கும்போது அதுல ஒரு பிடி எடுத்து தனி டப்பாவுல போட்டு வைக்கணும், ஞாயித்துக்கிழமை அத கோயிலுக்குக் கொண்டு போய் கொட்டணும், அத வித்து வர்ற காசு மிஷனரி ஊழியத்துக்குப் போகும். அப்பா போனப்புறம் பெண்கள் ஐக்கிய சங்கத்துல அந்தப் பெண்களே கூடிப் பேசி, கொஞ்ச நாளைக்கு அந்த அரிசியில ஒரு பங்கு எங்க வீட்டுக்குன்னு முடிவு பண்ணிட்டாங்க. சனிக்கிழமை இருட்டினப்புறம் எங்க கோயில் ஊழியரான உபதேசியார் சைக்கிள்ல பைய கட்டிக் கொண்டு வந்து திண்ணையில வச்சிட்டுப் போவாரு. அம்மா முதல்ல வாங்கல, "வேண்டாம்யா, அது ஊழியத்துக்குன்னு வச்சது"ன்னாங்க. அதுக்கு அவரு, "ஏம்மா, ஊழியம்னா வடக்கதான் நடக்கணுமா? உள்ள எடுத்து வை"ன்னு சொல்லிட்டு கிளம்பிட்டாரு.

கோயில்ல எங்க பேரு ஒரு நாளும் வாசிக்கல. ஆனா சங்கத்துக் கணக்கு நோட்டுல அரிசி வித்தது இவ்வளவு, ஒரு குடும்பத்துக்கு உதவினது இவ்வளவுன்னு எல்லார் முன்னாடியும் வாசிப்பாங்க. கணக்கும் தெரியும், எங்க மானமும் போகல. அம்மா அப்படி வந்த அரிசியில உலை வைக்கும்போதும் ஒரு பிடி எடுத்து டப்பாவுல போடுவாங்க, நமக்கே பத்தல இது எதுக்குன்னு நான் அழுது சண்டை போட்டிருக்கேன், அவங்க நிறுத்தவே இல்ல.

சாதாரண கிராமத்து ஜனங்க சல்லிக்காசா சேத்துத்தான் எங்க பக்கத்துல பெரிய காரியமெல்லாம் நடந்திருக்கு. இந்திய மிஷனெரி சங்கம் 1903ல திருநெல்வேலியில ஆரம்பிச்சப்ப நம்ம பணம், நம்ம ஆட்கள், நம்ம நிர்வாகம்னு வச்சுத்தான் ஆரம்பிச்சாங்க, தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்கு இங்கேர்ந்து ஊழியர் போனாங்க. அதுக்கு முன்னால நின்ன அசரியா வெள்ளாளன்விளைக்காரரு, அவருதான் 1912ல ஆங்கிலிக்கன் சபையோட முதல் இந்திய பிஷப் ஆனாரு. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையிலயும் இதே கைப்பிடி அரிசி உண்டு, அந்தப் பணத்துலயும் ஊழியம் நடக்குது.

ஊர்ப் பெருமை பேசுறேன்னு நினைப்பீங்க. குறையும் சொல்றேன். சேகரத் தேர்தல்னு, அதாவது சபை நிர்வாகத் தேர்தல்னு வந்தா அண்ணன் தம்பி பேசாம போறது, கேஸு, கோர்ட்டு எல்லாம் எங்க பக்கமும் இருக்கு. சில ஊர்ல கல்லறைத் தோட்டத்துல கூட சாதி பாக்குறாங்க. 1820ல பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் (எங்க பக்கம் போதகர ஐயர்னுதான் சொல்லுவோம்), படிக்க வந்த பையனுங்க எல்லாரும் சேந்து உக்காந்துதான் சாப்பிடணும்னு பிடிவாதமா நின்னவரு. அவரு காலம் முடிஞ்சு இத்தனை தலைமுறை போயும் இது தீரலங்கிறது எனக்கு ரொம்ப வேதனை. அசனத்துக்கு, அதாவது கோயில் விருந்துக்கு ஒரே பந்தியில உக்காந்துட்டு அடக்கத்துக்கு தனி இடம்னா அந்த சபைக்கு நோய் இருக்கு, அது என் சொந்த சபையா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவேன்.

இப்ப நான் இருக்கிறது ஒரு பெரிய நகரம், போறது பெரிய சபை. ஏசி, பெரிய திரை, நல்ல பாடகர் குழு. எனக்கு ஒரு ஆபரேஷன் ஆகி மாசக்கணக்கா வீட்டுலயே கிடந்தேன், ஒருத்தர் கூட ஏன் வரலன்னு கேக்கல. வாட்ஸப்புல வந்தது அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குப் பொருள் கொண்டு வாங்கங்கிற மெசேஜ்தான். பெரிய சபைன்னாலே இப்படின்னு நான் சொல்ல வரல, தெருவாரியா வீட்டு ஜெபக்கூட்டம் வச்சு ஒவ்வொரு குடும்பத்தையும் விசாரிக்கிற பெரிய சபைங்களும் இருக்கு, என் தோழி போற சபை அப்படித்தான்.

இதே நகரத்து சபையில தம்பி கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கணும்னு, அதாவது கல்யாண அறிவிப்ப கோயில்ல வாசிக்கணும்னு ஆபீஸ் ரூம்ல போய் நின்னப்ப, சந்தா பாக்கிய கட்டினாத்தான் வாசிப்போம்னாங்க. சரின்னு கட்டினோம். ரசீது கேட்டதுக்கு, "கோயில் மேலயே நம்பிக்கை இல்லையா?"ன்னு ஒரு பெரியவர் சத்தம் போட்டாரு. எங்க ஊர்ல அரிசி வித்த காசுக்கே நோட்டு வாசிச்சாங்க.

கேள்விக்கு சம்பந்தமில்லாட்டியும் இதையும் சொல்லிடுறேன், கீர்த்தனைய எதுக்கு நிறுத்துறீங்க? எழுத்து தெரியாத எங்க ஆச்சிக்கு அத்தனை கீர்த்தனையும் மனப்பாடம், கோயில்ல அவங்க குரல்தான் முன்னால கேக்கும். இங்க வாரம் ஒரு புதுப் பாட்டு, திரையில ஓடுது, வயசானவங்க வாய் மூடி நிக்கிறாங்க. பாக்ஸ் சத்தத்துல சில பேரு வெளிய வந்து வராந்தாவுல உக்காந்துடுறாங்க. இளைஞர்களுக்காகன்னு காரணம் சொல்றாங்க, கத்துக்குடுத்தா இளைஞர்களும் கீர்த்தனை பாடுவாங்க.

நீங்க பாத்துட்டு இருக்கிற சபையில வருஷக் கணக்கு வாசிக்கிற கூட்டம் என்னைக்குன்னு விசாரிச்சு, அனுமதி கேட்டு அன்னைக்கு போய் உக்காருங்க. யாராச்சும் எழும்பி கேள்வி கேக்குறாங்களான்னு பாருங்க. கேட்டிருந்தா, அடுத்த ஞாயிறு அவங்க கிட்ட ஐயரும் கமிட்டிக்காரங்களும் முகம் குடுத்துப் பேசுறாங்களான்னு பாருங்க.