மகன் பார்த்த அப்பாவும் அப்பாதான்

கேள்வி: என் கணவர் சிறுநீரகம் செயலிழந்து, மூன்று வருஷம் டயாலிசிஸில் இருந்து, 46 வயதில் போய்ச் சேர்ந்தார். அடுத்த மாதம் முதல் வருஷ திதி. மகளுக்கு 15 வயது, மகனுக்கு 9. "அப்பா எப்பவும் படுத்துட்டேதான் இருப்பாராம்மா?" என்று மகன் கேட்கிறான். திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்து, அந்தேரியில் வேலை பார்த்து, 2005 வெள்ளத்தில் யாரோ ஒரு பாட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்த மனுஷன் அவர். பிள்ளைகள் அந்த அப்பாவைத்தான் நினைக்க வேண்டும். ஆஸ்பத்திரி போட்டோக்களை அழித்துவிடட்டுமா?
- ஒரு வாசகி, தாராவி, மும்பை

பதில்: அன்புச் சகோதரி, அழிக்காதீர்கள். பார்க்க மனசு தாங்கவில்லை என்றால் ஒரு பென்டிரைவில் போட்டு, நம்பிக்கையான யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.

உங்களுக்கு அவரோடு பல வருஷ வாழ்க்கை. அதில் கடைசி மூன்று வருஷத்தைக் கழித்தாலும் மீதி நிறைய இருக்கிறது. மகனுக்கு அப்படி இல்லை. ஐந்து வயதிலிருந்து அவன் பார்த்தது நோயில் படுத்திருந்த அந்த அப்பாவைத்தான். நோயை மறக்கச் சொன்னால், அவனிடம் இருக்கும் அப்பாவையே பிடுங்கிக்கொள்வதாகிவிடும்.

என் அண்ணனும் டயாலிசிஸில் இருந்தவர். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். ஊசி ஏற்றுவதற்காகக் கையில் ஃபிஸ்டுலா, அதாவது இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்து ஒரு இணைப்பு, வைத்திருந்தார்கள். தொட்டால் கிர்ரென்று அதிரும். அவர் மகள் அதில் காதை வைத்து, "அப்பா கைக்குள்ள ரயில் ஓடுது" என்பாள். இன்று அவளுக்கு அப்பா என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். அழுதுகொண்டு சொல்வதில்லை, ஆசையாகத்தான் சொல்கிறாள். உங்கள் மகனுக்குள்ளும் அப்படி ஏதாவது இருக்கும். முதலில் அவனைப் பேச விடுங்கள். நடுவில் திருத்தாதீர்கள்.

அப்புறம் நீங்கள் சொல்லுங்கள். அந்த வெள்ளத்தை உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! ஜூலை 26, சான்டாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. ரயில் நின்றுபோய், மித்தி ஆறு கரை புரண்ட ராத்திரி அது. அவர் எந்த வழியாக நடந்தார், அந்தப் பாட்டியை எங்கே இறக்கிவிட்டார், வீடு வந்து சேர எத்தனை மணி ஆனது? கல்யாணத்துக்கு முந்திய கதை என்பதால் உங்களுக்கே முழுசாகத் தெரியாமல் இருக்கலாம். அப்போது அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள், லோக்கல் ரயிலில் தினம் கூடப் போனவர்கள் இருப்பார்கள். திதிக்கு அவர்களைக் கூப்பிடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகளை எதிரில் உட்கார வைத்து அவர்களைப் பேசச் சொல்லுங்கள். அவர் கோபக்காரராக இருந்திருந்தால் அதையும் சொல்லட்டும். சாமி படமாக்கிவிட்டால் பிள்ளைகளால் அவரை நெருங்க முடியாது.

மகளைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. நோய் வந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. நடமாடிய அப்பாவையும் படுத்திருந்த அப்பாவையும் நன்றாகப் பார்த்தவள். தம்பிக்குக் கதை சொல்ல அவள் போதும். ஆனால் வற்புறுத்த வேண்டாம். அவளுக்கு அழவே இன்னும் நேரம் கிடைத்திருக்காது.

ஒரு வேலையை மட்டும் இன்றே முடித்துவிடுங்கள். அவர் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளை இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். "வர்றப்போ பால் வாங்கிட்டு வா" என்று சொன்னதாக இருந்தாலும் சரி. போன் கெட்டுப்போனால் அந்தக் குரலும் போய்விடும்.

திதிக்குச் சொதி வையுங்கள், அவர் ஊர்த் தேங்காய்ப் பால் குழம்பு. தேங்காய்ப் பாலும் உருளைக்கிழங்கும் ஆகாது என்று மூன்று வருஷமாக அவருக்குக் கொடுக்காமல் இருந்திருப்பீர்கள். வாழைப்பழம், இளநீர் எல்லாமே அப்படித்தான். இலையில் எல்லாவற்றையும் வைத்து, ஏன் வைக்கிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அளந்து அளந்து தண்ணீர் குடித்த அப்பாவைப் பார்த்தவன் உங்கள் மகன். ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் பிடித்து, அவன் கையாலேயே படத்துக்கு முன்னால் வைக்கச் சொல்லுங்கள்.