ஸ்பெஷலிஸ்டா, பொதுப் பல் டொக்டரா?

அன்புள்ள அண்ணை,
பேராதனையில பிடிஎஸ் (பல் வைத்தியப் பட்டம்) முடிச்சு இப்ப வடமராட்சிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில வேலை செய்யிறன். கூடப் படிச்ச ஆக்கள் ஸ்பெஷலிஸ்டா வாறதுக்கான பிஜிஐஎம் (பட்டப்பின் மருத்துவ நிறுவகம்) சோதினைக்குப் படிக்கினம். "கடைசிவரைக்கும் பல்லுப் பிடுங்கிக்கொண்டே இருக்கப் போறியோ" எண்டு அம்மா கேக்கிறா. ஓர்த்தோவில (பல்லு நேராக்கிற துறை) விருப்பம், ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) வேலையும் பிடிக்கும். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி

தங்கச்சி,
அம்மான்ர கேள்வியை ஒதுக்கி வையுங்கோ, கலியாணப் பேச்சுக்கு 'கொன்சல்டன்ட்' எண்டு சொன்னா எடுப்பா இருக்கும், அவ்வளவு தான்.

நான் பொதுப் பல் டொக்டராவே காலத்தை ஓட்டினவன், அதால என்ர கதை ஒரு பக்கம் சாய்ஞ்சு தான் இருக்கும். ஓர்த்தோ எண்டா ஒரு பிள்ளைக்குக் கிளிப் போட்டு ஒண்டரை ரெண்டு வருசம் மாசாமாசம் அதே வாயைப் பாத்துக் கம்பி மாத்திறது, கழட்டின பிறகும் பல்லுத் திரும்ப விலகாம இருக்க ரிட்டெய்னர் போடச்சொல்லிக் கெஞ்சிறது. பொறுமை இருக்கிற ஆளுக்கு அருமையான வேலை. ஓபிடியில அடுத்து என்ன வரும் எண்டே தெரியாது. வெத்திலை போடுற ஆச்சி ஒராள் பல்லுக் குத்துது எண்டு வருவா, வாயைத் திறவுங்கோ எண்டா மூண்டு விரல் போகவேண்டிய இடத்தில ரெண்டு தான் போகும், கன்னத்துக்குள்ள வெத்திலை அடக்கிற இடத்தில சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு ஒண்டு இருக்கும். பல்லைக் கெதியாப் பிடுங்கிப்போடலாம், கான்சரா மாறக்கூடிய அந்தத் திட்டைக் கண்டு யாழ் போதனாவில ஓஎம்எஃப் (வாய், தாடை, முகச் சத்திரசிகிச்சை) கிளினிக்குக்குத் துண்டு எழுதி, ஆச்சி போனவாவோ எண்டு மகளிட்ட விசாரிக்கிறது தான் பெரிய வேலை. (புகையிலை சேர்க்கிறேல்லை, வெறும் பாக்குத் தான் எண்டு சொல்லுவினம். பாக்கு மட்டுமே கான்சர் தரும் எண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ர கான்சர் ஆய்வு முகமை 2004 இலயே அறிக்கை விட்டிட்டுது.) எங்கட நாட்டு ஆம்பிளையளுக்கு வாற கான்சர்களில வாய்க் கான்சர் முன்னுக்கு நிக்குது, அதை முதல்ல காணுற சான்ஸ் உங்கட கதிரையில தான்.

அதுக்காகப் போகாதேங்கோ எண்டு சொல்லேல்லை. மோட்டார்சைக்கிளில விழுந்து தாடை உடைஞ்சு வாறவனுக்கு நான் என்னத்தைச் செய்யிறது, ஸ்பெஷலிஸ்ட் வேணும் தானே. ஆனா பிஜிஐஎம் எண்டா வருசக்கணக்கு, பிறகு வெளிநாட்டு ட்ரெய்னிங், எல்லாம் முடிச்சு வரேக்க யாழ்ப்பாணத்திலயே போஸ்டிங் எண்டு ஒருத்தரும் எழுதித் தரமாட்டினம்.

ஒரு கிழமை லீவு போட்டு ஓர்த்தோ கிளினிக்கில போய்ச் சும்மா நில்லுங்கோ. முதல் நாள் எல்லாருக்கும் பிடிக்கும். வியாழன் வெள்ளியளவிலயும் அதே கம்பியைக் கிட்டப் போய்ப் பாக்கோணும் போல இருந்தா உடன அப்ளை பண்ணுங்கோ. மணியைப் பாத்துக்கொண்டு நிண்டீங்கள் எண்டா, அம்மாவோட நான் கதைக்கிறன்.